அத்தியாயம் 9: பெரிய இணையச் சந்தையில் கடை போடலாமா?

கைத்தறித் துணி, மரச்செக்கு எண்ணெய், கருப்பட்டி, இயற்கைச் சாயம் தோய்த்த ஆடை, கோரைப்பாய் என்று எதை நேர்மையாகச் செய்து விற்கத் தொடங்கினாலும், வாடிக்கையாளர்கள் சீக்கிரமே ஒரு கேள்வியோடு வந்துவிடுவார்கள்: "அமேசான்ல கிடைக்குமா? ஃபிளிப்கார்ட்ல போட்டிருக்கீங்களா?" வீட்டிலும் அதையே கேட்பார்கள். கடன் கேட்டுப் போனால் வங்கி மேலாளரும் அதையே கேட்பார். பதில் சொல்லத் தடுமாறுவீர்கள். பெரிய சந்தைக்குப் போகாவிட்டால் வியாபாரம் வளராது என்று ஒரு பக்கம் பயம். போனால் எந்த நியாயத்துக்காகத் தொழிலைத் தொடங்கினோமோ அது கெட்டுவிடும் என்று மறுபக்கம் பயம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தவரின் கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் சந்தையின் செலவைத் தாங்கக்கூடிய பொருளை மட்டும் அங்கே வையுங்கள். தாங்காத பொருளை எவ்வளவு விற்பனை வந்தாலும் வைக்காதீர்கள். சந்தை நல்லதா கெட்டதா என்று பொதுவாக விவாதித்துக்கொண்டிருந்தால் முடிவு கிடைக்காது. "கமிஷனை உண்மையில் கட்டுவது யார்?" என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே கேட்டால் முடிவு கிடைக்கும்.

சந்தை தரும் நன்மை உண்மையானது

பெரிய சந்தைகளை மொத்தமாக ஒதுக்கிவிடச் சொல்பவர்கள் பெரும்பாலும் நகரத்தில் சொந்தக் கடையும் தெரிந்த வாடிக்கையாளர்களும் உள்ளவர்கள். பவானியில் ஜமக்காளம் நெய்யும் ஒரு சிறு குழுவுக்கு அந்த வசதி இல்லை. குவாஹாட்டியில் இருக்கும் ஒருவர் தரைவிரிப்பு தேடும்போது அந்தக் குழுவின் பொருள் அவர் கண்ணில் படுவதற்கு இணையச் சந்தையை விட்டால் எளிதான வழி குறைவு. 2020 ஊரடங்கில் கண்காட்சிகள் நின்றன, கல்யாணங்கள் தள்ளிப்போயின, துணி தறிமேட்டிலேயே தேங்கியது. அப்போது இணையத்தில் ஏற்கெனவே கால் ஊன்றியிருந்தவர்களுக்காவது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

இரண்டாவது நன்மை நம்பிக்கை. பெயர் தெரியாத ஒரு தளத்தில் 2,000 ரூபாயை முன்கூட்டியே கட்டப் பலரும் தயங்குவார்கள். பெரிய சந்தையில் பொருள் கைக்கு வரும்போது பணம் தரலாம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். அந்த உத்தரவாதத்தின் நிழலில் உங்கள் பொருளும் முதல் முறையாக ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறது.

கைவினைஞர்களுக்கென்றே தனித் திட்டங்களும் இருக்கின்றன. அமேசான் 2016இல் காரிகர் திட்டத்தையும், ஃபிளிப்கார்ட் 2019இல் சமர்த் திட்டத்தையும் தொடங்கின. பயிற்சி, கட்டணச் சலுகை போன்ற உதவிகளை இத்தகைய திட்டங்கள் தருகின்றன. சேரும்போது ஒன்றை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சலுகை எந்தத் தேதியோடு முடிகிறது, அதன் பிறகு கட்டணம் என்ன? சலுகைக் காலத்துக் கணக்கை வைத்து விலை போட்டால், சலுகை முடிந்த மாதமே நட்டம் தொடங்கிவிடும்.

ஒரு சேலையின் கணக்கு

கட்டணங்கள் சந்தைக்குச் சந்தை, பொருளுக்குப் பொருள் மாறும், அடிக்கடி திருத்தவும்படும். அதனால் கீழே உள்ள எண்களை முறையைப் புரிந்துகொள்வதற்கான மாதிரியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொருளுக்கு, இன்றைய கட்டண அட்டவணையை வைத்து, இதே வரிசையில் போட்டுப் பாருங்கள்.

ஒரு பருத்திக் கைத்தறிச் சேலை. நெசவுக் கூலி 700 ரூபாய். பாவு, ஊடை நூலும் சாயமும் 450. கஞ்சி, மடிப்பு, அட்டைப்பெட்டி 100. அடக்கவிலை 1,250. விற்பனை விலை, வரி உட்பட, 2,000.

சந்தையில் விற்றால் கழியும் தொகை:

- கமிஷன், 15 சதவீதம் என்று கொண்டால்: 300
- ஒவ்வொரு ஆர்டருக்கும் உள்ள நிலைக் கட்டணம்: 50
- எடைக்கேற்ற அனுப்புச் செலவு: 100
- தேடலில் மேலே தெரிவதற்கான விளம்பரம், 8 சதவீதம்: 160
- பத்தில் ஒன்று திரும்பி வந்தால், அதன் போக்குவரத்தும் மறுமடிப்பும் விற்ற சேலைகள்மீது பகிரப்படுவது: சுமார் 30
- சேலைக்கான 5 சதவீத ஜிஎஸ்டி: 95

மொத்தம் 735. கையில் வருவது 1,265. அடக்கவிலை போக மிச்சம் 15 ரூபாய். கடை வாடகை, மின்கட்டணம், பொட்டலம் கட்டும் பெண்ணின் சம்பளம், உங்கள் உழைப்பு எல்லாவற்றையும் அந்தப் பதினைந்து ரூபாயில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சந்தை தன் கட்டணங்களுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் வாங்கும். முறையான ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் இந்தக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. கலவை வரி (காம்போசிஷன்) திட்டத்தில் இருப்பவருக்கும் பதிவே இல்லாதவருக்கும் அந்த வரவு கிடைக்காது. 2023 அக்டோபர் முதல் இந்த இரு பிரிவினரும் இணையச் சந்தை வழியாக விற்கலாம். ஆனால் தம் மாநிலத்துக்குள் மட்டும்தான். குவாஹாட்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால் முறையான பதிவு இல்லாமல் முடியாது.

விற்பனைத் தொகையிலிருந்து பிடித்தம் செய்யப்படும் வரிகளையும் கவனியுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி சந்தை பிடிக்கும் தொகை 2024 ஜூலை முதல் 0.5 சதவீதம். வருமான வரிப் பிடித்தம் 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதம். இவை செலவு ஆகாது, கணக்குத் தாக்கல் செய்யும்போது வரவில் வரும். ஆனால் அதுவரை உங்கள் பணம் வெளியே நிற்கும்.

இப்போது 15 ரூபாய் மிச்சத்தை எப்படிச் சரிசெய்வீர்கள்? வழிகள் மூன்றுதான். விலையை ஏற்றலாம், ஆனால் பக்கத்திலேயே 900 ரூபாய்க்கு விசைத்தறிச் சேலை நிற்கிறது. நூலின் தரத்தைக் குறைக்கலாம். உங்கள் பெயர் கெடும். கூலியைக் குறைக்கலாம், அதற்கு நெசவாளர் பெரும்பாலும் சத்தம் போட மாட்டார், அவருக்கு வேறு வழி இருக்காது. மூன்றில் எளிதானது மூன்றாவது என்பதுதான் ஆபத்து. பெரிய சந்தைக்குப் போன நேர்மையான வியாபாரங்கள் பலவும் கெட்ட எண்ணத்தால் வழி மாறுவதில்லை. தள்ளுபடித் திருவிழாவுக்குத் திருவிழா, ஐம்பது ரூபாய் ஐம்பது ரூபாயாகக் கூலியில் கைவைத்தே வழி மாறுகின்றன.

அதனால் இந்தப் புத்தகத்தின் கட்டாய விதிகளில் ஒன்று இது: கூலியை முதலில் எழுதுங்கள், அதை மை கொண்டு எழுதுங்கள். மற்ற எல்லா எண்ணும் அதைச் சுற்றித்தான் மாற வேண்டும்.

சொந்தத் தளத்திலும் செலவு உண்டு என்பதை மறக்க வேண்டாம். பணம் வாங்கும் சேவைக்குச் சுமார் 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் போகும். கூரியர் செலவு உங்களுடையது. இன்ஸ்டாகிராம் விளம்பரம் இலவசமில்லை. முதல் முறை வரும் வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு சில சமயம் சந்தையின் கமிஷனைவிடக்கூட அதிகமாகலாம். வித்தியாசம் இரண்டாவது ஆர்டரில் தெரியும். உங்கள் தளத்துக்கு வந்தவரின் எண் உங்களிடம் இருக்கிறது. அடுத்த தீபாவளிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். சந்தையில் வாங்கியவர் சந்தையின் வாடிக்கையாளர். அடுத்த முறையும் அவரைப் பார்க்க நீங்கள் அதே கமிஷனும் அதே விளம்பரமும் கட்ட வேண்டும்.

போலியோடு ஒரே வரிசையில் நிற்பது

கணக்குக்கு அடுத்த பிரச்சினை, உங்கள் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டுமே உரியவை என்று ஒதுக்கியிருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று விற்பது நின்றபாடில்லை. கருப்பட்டியில் சர்க்கரை கலப்பதும், எந்திரத்தில் ஆட்டிய எண்ணெய்க்கு மரச்செக்கு என்று பெயர் வைப்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. கடைத்தெருவில் வாங்குபவர் துணியைத் தடவிப் பார்ப்பார், கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டுப் பார்ப்பார். திரையில் அவருக்குத் தெரிவது படம், விலை, நட்சத்திரம், எத்தனை நாளில் வரும் என்பது மட்டும். அந்த நான்கிலும் போலி உங்களை முந்திவிட முடியும். நியாயமான விலை அங்கே வெறும் அதிக விலையாகத் தெரியும்.

இதற்கு வெறும் வார்த்தைகள் உதவாது, அடையாளங்கள் உதவும். கைத்தறி முத்திரை 2006 முதலும், பட்டு முத்திரை 2004 முதலும், இந்தியக் கைத்தறி பிராண்டு 2015 முதலும் நடைமுறையில் உள்ளன. புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்றால், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக உங்களைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பதிவகம் நம் சென்னையிலேயே இருக்கிறது. குறியீடு ஊருக்குக் கிடைத்துவிட்டதால் ஊரில் உள்ள எல்லோரும் தானாகவே பயன்படுத்தலாம் என்று பலர் நினைத்திருக்கிறார்கள், அப்படி இல்லை.

உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் கட்டாயம். "ஆர்கானிக்" என்று எழுத வேண்டுமென்றால் என்பிஓபி அல்லது பிஜிஎஸ் சான்றிதழும் ஜைவிக் பாரத் சின்னமும் வேண்டும். சிறு விவசாயி நுகர்வோருக்கு நேரடியாக விற்கும்போது சான்றிதழிலிருந்து கிடைக்கும் விலக்கை நம்பிச் சந்தையில் அந்தச் சொல்லைப் போடாதீர்கள். "பசுமையானது", "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" போன்ற பொத்தாம்பொதுவான சொற்களுக்கும் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது: சொன்னதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். "அவுரிச் சாயம், கையால் தோய்த்தது, சின்னாளப்பட்டியில் நெய்தது" என்று எழுதுங்கள். குறிப்பான உண்மையை யாராலும் கேள்வி கேட்க முடியாது. போலியால் அதைச் சுலபமாகப் பின்பற்றவும் முடியாது.

வெளியேறியவர்களும் நகலெடுக்கப்பட்டவர்களும்

பெரிய பிராண்டுகளின் அனுபவத்திலிருந்து நமக்குச் சில பாடங்கள் கிடைக்கின்றன. ஜெர்மனியின் பிர்கென்ஸ்டாக் செருப்பு நிறுவனம் 2016இல் அமெரிக்க அமேசானில் விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. போலிகளும் அனுமதி பெறாத விற்பனையாளர்களும் பெருகியதே அது சொன்ன காரணம். நைக்கி 2019இல் அமேசானுக்கு நேரடியாகத் தருவதை நிறுத்தி, 2025இல் மீண்டும் திரும்பியது. நீங்கள் வெளியேறினாலும் உங்கள் பொருள் அங்கே இருந்துகொண்டே இருக்கலாம். வேறு யாரோ அதை விற்பார்கள் என்பதே இதன் பாடம். மொத்தக் கொள்முதல் செய்பவருக்குச் சரக்கு தரும்போது, இணையச் சந்தையில் மறுவிற்பனை செய்யலாமா கூடாதா என்பதை பில்லோடு எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

நகலெடுப்பது அடுத்த பாடம். 2019இல் ஆல்பேர்ட்ஸ் என்ற காலணி நிறுவனம், தன் கம்பளிக் காலணியைப் போலவே ஒன்றை அமேசான் தன் சொந்தப் பெயரில் குறைந்த விலைக்கு விற்பதைப் பார்த்தது. அதன் நிறுவனர்களில் ஒருவர், வடிவத்தை எடுத்ததுபோல எங்கள் இயற்கை மூலப்பொருட்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பகிரங்கமாக எழுதினார். 2021இல் பீக் டிசைன் என்ற பை நிறுவனம், தன் பையையும் அமேசானின் சொந்தப் பெயரில் வந்த பையையும் பக்கத்தில் வைத்து ஒரு காணொளி வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், இந்தியாவில் அமேசான் தன் சொந்த பிராண்டுகளுக்காக மற்றவர்களின் பொருட்களை நகலெடுத்து, தேடல் முடிவுகளிலும் அவற்றுக்கு முன்னுரிமை தந்ததாக உள் ஆவணங்களை வைத்து எழுதியது. அமேசான் அதை மறுத்தது. ஐரோப்பாவில், விற்பனையாளர்களின் வெளியிடப்படாத தரவுகளைத் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அமேசான் 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்துக்கு உறுதி தந்தது. நம் நாட்டின் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின்மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது.

இவற்றிலிருந்து ஒரு சிறு தயாரிப்பாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: சந்தை வைத்திருப்பவருக்கு, எது எவ்வளவு விற்கிறது, எந்த விலையில் விற்கிறது, யார் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். உங்கள் தொழிலின் உயிர்நாடியான வடிவத்தை, உங்கள் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் பொருளை, அங்கே முதலில் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

கிடங்கிலும் சாலையிலும் உழைப்பவர்கள்

நெசவாளருக்கு நியாயம் செய்கிறோம் என்று சொல்லும் ஒரு பிராண்டு, அந்தச் சேலையைக் கிடங்கில் எடுத்துவைப்பவரையும் வெயிலில் கொண்டுபோய்க் கொடுப்பவரையும் பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. 2024 கோடையில் ஹரியாணாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், இலக்கை முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குப் போகவோ மாட்டோம் என்று தொழிலாளர்கள் உறுதிமொழி எடுக்க வைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து அதைக் கையிலெடுத்து, மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் அறிக்கை கேட்டது.

ஒரு சிறு பிராண்டு தனியாக இதை மாற்றிவிட முடியாது. ஆனால் இரண்டு முடிவுகள் உங்கள் கையில் இருக்கின்றன. ஒன்று, சரக்கை சந்தையின் கிடங்கில் கொண்டுபோய் அடுக்காமல் உங்கள் இடத்திலிருந்தே அனுப்புவது. பொட்டலம் கட்டும் வேலை உங்கள் ஊர்ப் பெண்களிடமே இருக்கும், பிளாஸ்டிக் உறைக்குப் பதில் காகிதமும் பழைய துணியும் பயன்படுத்தலாம், சரக்கும் உங்கள் கண்முன் இருக்கும். இன்னொன்று, மறுநாளே வரும் என்ற வாக்குறுதியில் சேராமல் இருப்பது. கைத்தறிச் சேலைக்காக நான்கு நாள் காத்திருக்க மறுப்பவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. இந்த இரண்டு முடிவாலும் தேடல் வரிசையில் நீங்கள் கொஞ்சம் கீழே போவீர்கள். அந்த விலையைத் தெரிந்தே கொடுங்கள்.

எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

எல்லாச் சரக்கையும் ஒரே தராசில் போடாதீர்கள். சந்தைக்கு ஏற்றது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும், உடையாத, சீக்கிரம் கெடாத, திருப்பி அனுப்பக் காரணம் குறைவான பொருள். கைத்தறித் துண்டு, வேட்டி, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு, சோப்பு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் போன்ற பாக்கெட் தின்பண்டங்கள் இந்த வகை. கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு துண்டாக விற்காமல் மூன்று துண்டுக் கட்டாக விற்றால் நிலைக் கட்டணமும் அனுப்புச் செலவும் மூன்றில் பகிரப்படும். மேலே பார்த்த சேலைக் கணக்கு தோற்ற இடத்தில் இந்தக் கணக்கு ஜெயிக்க வாய்ப்பு உண்டு.

சந்தைக்கு ஒவ்வாதவை:

- ஒரே ஒரு சேலை மட்டும் நெய்த தனி வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்து, விவரம் எழுதி, விளம்பரம் செய்யும் செலவு ஒரே ஒரு விற்பனையில் திரும்பாது.
- இயற்கைச் சாயத் துணி. ஒவ்வொரு தோய்ப்பிலும் நிறம் சற்று மாறும். "படத்தில் பார்த்த நிறம் இல்லை" என்று திரும்பி வரும். நூலில் இயல்பாக விழும் முடிச்சைக்கூடப் பழுது என்பார்கள்.
- கண்ணாடிப் புட்டியில் அடைத்த எண்ணெய், மண்பாண்டம். வழியில் உடைந்ததற்கான நட்ட ஈட்டுக்கு அலைவதிலேயே நேரம் போகும்.
- மழைக்காலத்தில் கருப்பட்டி. ஈரம் பட்டால் இளகும். உறை நன்றாக இல்லாவிட்டால் அந்த மாதங்களில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடை திறப்பதற்கு முன்

1. சொந்த விலாசத்தை முதலில் உருவாக்குங்கள். ஒரு எளிய இணையதளமோ வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கோ போதும். சந்தைக்குப் பிறகு அதைச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் பெரும்பாலும் அது நடக்காது.

2. பிராண்டு பெயரை வணிகச் சின்னமாகப் பதிவுக்குக் கொடுங்கள். தனிநபருக்கும் உத்யம் பதிவுள்ள சிறுதொழிலுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். துணிக்கு 24, தைத்த ஆடைக்கு 25, சமையல் எண்ணெய்க்கு 29ஆம் வகுப்பு. உங்கள் பெயரில் வேறொருவர் விற்றால், அதை நீக்கச் சொல்ல இந்தப் பதிவுதான் ஆயுதம்.

3. சந்தையோடு போடும் ஒப்பந்தத்தை உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாக வேண்டும். பணம் எத்தனை நாளில் வரும், கணக்கை எந்தக் காரணத்துக்கு முடக்குவார்கள், திரும்பி வந்த பழுதான சரக்குக்கு யார் பொறுப்பு, தள்ளுபடியை யார் ஏற்பது என்ற நான்கையும் தேடிப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. அதே விதிகளின்படி விற்பவரான நீங்களும் ஒரு குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வீட்டில் ஒருவரே அந்தப் பொறுப்பில் இருக்கலாம். ஆனால் யார் என்பது முடிவாகியிருக்க வேண்டும்.

5. மேலே காட்டிய கணக்கை ஒவ்வொரு பொருளுக்கும் போடுங்கள். விற்பனை விலையில் குறைந்தது பத்து சதவீதமாவது உங்கள் நிர்வாகச் செலவுக்கு மிஞ்சாத பொருளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

6. நெசவாளர்களையோ உற்பத்தியாளர்களையோ உட்காரவைத்து அந்தக் கணக்கைக் காட்டுங்கள். எந்த விலையில் விற்கிறோம், எவ்வளவு கழிகிறது, கூலி மாறாது என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்குக் காட்டக் கூச்சப்படும் கணக்கு என்றால் அந்தப் பொருளை அங்கே விற்க வேண்டாம்.

விற்கத் தொடங்கிய பின்

தள்ளுபடி நாட்களில் சேரச் சொல்லி அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பழைய இருப்பைத் தீர்க்க வேண்டுமென்றால் மட்டும் சேருங்கள். ஒருமுறை 40 சதவீதம் குறைத்து விற்ற சேலையை முழு விலைக்கு வாங்க யாருக்கும் மனம் வராது. உங்கள் சொந்தக் கடைக்கு வருபவருக்கும் வராது.

நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் கொண்டு நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். விற்பவர் நுகர்வோர்போல் நடித்து மதிப்புரை எழுதுவதை 2020 விதிகள் தடுக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் நேர்மையைத் தொழிலாகக் கொண்டவர்கள் செய்யக் கூடாத காரியம் அது.

பொட்டலத்துக்குள் "அடுத்த முறை எங்கள் தளத்தில் வாங்குங்கள், தள்ளுபடி தருகிறோம்" என்று சீட்டு வைப்பது பெரிய சந்தைகளின் விதிக்குப் புறம்பானது, கணக்கு முடங்கலாம். அதற்குத் தேவையும் இல்லை. தயாரிப்பாளரின் பெயர், முகவரி, நுகர்வோர் தொடர்பு எண் ஆகியவற்றைப் பொட்டலத்தில் அச்சிடச் சட்டமுறை எடையளவு விதிகளே சொல்கின்றன. அவற்றைத் தெளிவாக, வாசிக்கும் அளவில் அச்சிடுங்கள். கூடவே நெய்தவரின் சம்மதத்தோடு அவர் பெயரும் ஊரும், துவைக்கும் முறையும் உள்ள அட்டை ஒன்று இருக்கட்டும். பிடித்தவர் தானே தேடி வருவார்.

மாதம் ஒருமுறை மூன்று எண்களைப் பாருங்கள்: திரும்பி வந்த விகிதம், விளம்பரச் செலவு, மொத்த விற்பனையில் சந்தையின் பங்கு. அந்தப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினால் எச்சரிக்கையாக இருங்கள். பாதியைத் தாண்டினால் உங்கள் விலையையும் கூலியையும் முடிவு செய்பவர் நீங்கள் இல்லை என்று பொருள். ஒரு நாள் காரணம் சொல்லாமல் கணக்கு முடங்கினாலும், அடுத்த வாரக் கூலியைக் கொடுக்க வழி இருக்க வேண்டும்.

பெரிய சந்தைக்கு வெளியே

இரண்டு மூன்று வாசல்கள் சேர்ந்து இருந்தால்தான் எந்த ஒரு வாசலும் உங்களை ஆள முடியாது. மத்திய அரசின் முன்முயற்சியில் உருவான ஓஎன்டிசி வலையமைப்பு 2022இல் முன்னோட்டமாகத் தொடங்கிய ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. ஒரு செயலியில் பட்டியலிட்டால் பல செயலிகளில் தெரியும் என்பது அதன் அமைப்பு. அரசுத் துறைகளுக்கு விற்க ஜெம் தளம் இருக்கிறது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், கைவினைப் பொருட்களுக்குப் பூம்புகார், சென்னையின் ரீஸ்டோர், ஓஎஃப்எம் போன்ற இயற்கை அங்காடிகள், ஊர்தோறும் நடக்கும் மரபுச் சந்தைகள் என்று வேறு வழிகளும் உண்டு. அங்கே விற்பனை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் வாங்குபவர் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுப்பார்.

முடிவாக

பெரிய இணையச் சந்தை உங்கள் பொருளை அறிமுகம் செய்யும் இடமாக இருக்கட்டும்; அதையே வீடாக்கிக்கொள்ள வேண்டாம். உங்கள் பட்டியலில் பத்து பொருள் இருந்தால், கணக்கில் தேறும் மூன்றை அங்கே வையுங்கள், மீதி ஏழு பொருளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த மூன்றையும் மீண்டும் கணக்குப் பாருங்கள். கட்டணம் கூடி மிச்சம் கரைந்திருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். விற்பனை குறைந்தாலும் அடுத்த பருவத்தில் மீட்கலாம். கூலி குறைந்ததால் தறியை விட்டு எழுந்து கட்டட வேலைக்குப் போன நெசவாளரை மீண்டும் தறிக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். இந்த அத்தியாயத்தை மூடியதும் ஒரு காகிதம் எடுங்கள், முதல் வரியில் கூலியை எழுதுங்கள், அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.